பேர் இல்லாத பாட்டுக்கு பில்

அல்சூர் விடுதியில் பத்து மணிக்கு மேல்
ரேடியோ கூடாது.
மிஸ் தியோடராவின் செருப்புச் சத்தம்
பாதி மாடிப்படி ஏறி நிற்கும், திரும்பும்.
அவருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும்:
வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்தாலும்
டேப் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

ரெக்கார்டிங் விளக்கின் மேல்
கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு, பெரிய சைஸ்.
சிற்றலை முள்ளை
முப்பத்தொன்றுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் எங்கோ
நகத்தால் தள்ளிவிட்டுப்
போர்த்திக்கொண்டு படுப்பேன்,
தூண்டில் போட்டுவிட்டுத்
தண்ணீரைப் பார்க்காதவள் மாதிரி.

காலையில் கடிகாரக் கம்பெனி பஸ்.
பஞ்சு பிய்ந்த ஹெட்போனில்தான் தெரியும்
ராத்திரி என்ன மாட்டியதென்று.
முக்கால்வாசி இரைச்சல்.
கோதுமை விலை பற்றி ஒரு கனத்த குரல்.
திடீரென்று
எந்த ஊர் கராஜிலோ நாலு பேர்
உயிரை விட்டுக்கொண்டிருப்பார்கள்.
பேர் சொல்லும் நேரம் பார்த்து
அலை வற்றிவிடும். எப்போதும்.

அதனால் நானே பேர் வைத்தேன்.
பாடுவதற்கு முன் இருமிவிட்டு
மன்னிப்பும் கேட்பவனுக்கு, இருமல்.
கிடாரைக் கேட்டால் கடைவாய் கூசுவதற்கு, பல் டாக்டர்.
துணி காயப்போடுகிறவள் பாடியது எந்த மொழியோ,
கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பாடுவாள்.
டிரம்ஸ் முழுக்கப் பள்ளமாக ஒன்று:
ராமமூர்த்தி நகர் ரோடு.
ஏழு நிமிடத்தில் ஒரே ஒரு சொல் புரிந்த பாட்டுக்கு
அந்தச் சொல்லையே வைத்தேன்: வேண்டாம்.

பதினாலு மாதம், ஒன்பது கேசட்.
தேறியது பதினொன்று.

கமர்ஷியல் தெருவின் பின்சந்தில் நயாஸ் கடை.
சினிமாப் பாட்டு கேட்டு வந்த கூட்டம் கலைந்தபின்
என் பையைக் கவிழ்த்தேன்.
"பாட்டு பேரு?"
"தெரியாது."
"பாடுனது?"
"தெரியாது."
"பேர் இல்லாத பாட்டுக்கு எப்டிம்மா பில்லு போடறது?"
போட்டார்.
ஏக், தோ, தீன், சார் என்று
பென்சிலால் மேஜையைத் தட்டித் தட்டி
பதினொன்று வரைக்கும்.

வரிசை மட்டும் நான் சொன்னேன்.
இருமல் முதலில்,
வீட்டுக்குள் வருகிறவர் வாசலில் செருமுவது மாதிரி.
முதல் பக்கம் வேண்டாமில் முடியட்டும்.
பல் டாக்டரையும் துணி காயப்போடுகிறவளையும்
பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்,
சண்டை வரும்.
சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.
"யாருக்குக் குடுக்கப் போறே?"
"எனக்குத்தான்."
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அறுபது நிமிட டேப்.
ஏற்றி முடிக்கிற வரைக்கும்
அவரும் கேட்டிருப்பார்,
வேறு வழியில்லை.

திங்கட்கிழமை, ஏரிக்கரை நிறுத்தம்.
தூறல். பதினொன்றும் முடிந்தது.
வெறும் ஸ்ஸ்ஸ்.
ஒரு காதிலிருந்து கழற்றிவிட்டேன்.

மறு காதில், மரத்தில் எதையோ தட்டும் ஓசை.
ஏக், தோ, தீன், சார்.
பிறகு கிடார், சுருதி கொஞ்சம் இறங்கி;
ஒருவன் இங்கிலீஷில், மூக்கடைத்த குரலில்,
விற்றுவிட்ட ஸ்கூட்டரைப் பற்றியோ
விட்டுப்போன பெண்ணைப் பற்றியோ பாடினான்.
இரண்டாவது அடியில்
வெளியே ஓர் ஆட்டோ ஹாரன் அடிக்க
பாட்டு அதற்கு வழிவிட்டு, காத்திருந்து,
திரும்ப ஏறிக்கொண்டது.

எதிரே கம்பெனி பஸ் வந்து நின்றது.
யாரோ ஜன்னலிலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
கதவு மூடியது.
நான் ரீவைண்ட் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அரை நாள் சம்பளம் போயிற்று.
பில்லை எடுத்துப் பார்த்தேன்,
பதினொன்றோடு கோடு போட்டிருந்தது.
கேசட் அட்டையில் பன்னிரண்டு என்று எழுதி
எதிரே எதுவும் எழுதாமல் விட்டேன்.
இதற்குப் பேர் இருக்கும்.
தெரிந்தவர் இருபது நிமிட நடையில் இருக்கிறார்.
சனிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று
ஏழு சனிக்கிழமை போய்விட்டது.